சருகாகிவிடும் நீலம்: மேற்குத் தொடர்ச்சி மலையில் புளூ ஓக்லீஃப் வண்ணத்துப்பூச்சியைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலையைப் போல் உருமறையும் பூச்சியைப் பார்க்கக் காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகக் குனிந்து சருகுகளைத் துழாவுகிறார்கள். மதியம் வரை துழாவுவார்கள். இடுப்பு வலிக்கும், அட்டை கடிக்கும், பூச்சி மட்டும் கிடைக்காது. ஆயிரக்கணக்கான சருகுகளுக்கு நடுவே சருகுபோல் இருக்கும் ஒன்றைத் தேடுவது வேட்டையாடிப் பிழைக்கும் பறவைக்கே கடினம். நமக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு பூச்சியைப் பற்றியது. புளூ ஓக்லீஃப், அறிவியல் பெயர் கல்லிமா ஹார்ஸ்ஃபீல்டி (Kallima horsfieldii). மும்பையை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் பார்க்கலாம், தெற்கே நம் மலைகளிலும் பார்க்கலாம். வடகிழக்கு மாநிலங்களில் இருக்கும் ஆரஞ்சு ஓக்லீஃபும், இலங்கைக் காடுகளின் கல்லிமா ஃபிலார்க்கஸும் இதன் நெருங்கிய உறவுகள். கீழே உள்ள முறை அவற்றுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். கண்ணைப் பழக்குவது முதலில், இடம் அடுத்து, பிறகு நேரம், பிறகு உணவு. பூச்சி அதற்குப் பிறகுதான். புதிதாக வருகிறவர்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதால்தான் தடுமாறுகிறார்கள்.

1. கிளம்புமுன் தயாராக வேண்டியவை

அனுமதி. காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். நீங்கள் போக நினைக்கும் பகுதியின் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பொதுச்சாலையை ஒட்டிய ஓடைக்கரை போதும். இந்தப் பூச்சிக்கு அடர்காட்டின் நடுப்பகுதிதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பைனாகுலர். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். ஆனால் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதையும் அது தெளிவாகக் காட்ட வேண்டும். வாங்குமுன் கடையிலேயே உங்கள் காலணியைப் பார்த்துச் சோதியுங்கள். பறவை பார்க்க வாங்கிய பெரிய பைனாகுலர்கள் பல, பக்கத்தில் இருப்பதை மங்கலாகத்தான் காட்டும். பூச்சியோ பக்கத்தில்தான் இருக்கும்.

உடை மங்கலான நிறத்தில், முழுக்கை, முழுக்கால். அட்டைக்குக் கால்சட்டையின் மேல் இழுத்துக் கட்டும் துணியுறை. தனியாகப் போகாதீர்கள்; அந்தக் காட்டை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருப்பது நல்லது.

எடுத்துப்போகக் கூடாதது ஒன்றும் உண்டு: பழம். ஏன் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

2. முதலில் ஊரிலேயே கண்ணைப் பழக்குங்கள்

காட்டுக்கு முன் வயலோரம் போங்கள். காமன் ஈவ்னிங் பிரவுன் என்ற வண்ணத்துப்பூச்சி தமிழ்நாட்டின் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உண்டு. அதன் புழு நெற்பயிரையும் புல்லையும் தின்று வளர்கிறது. வளர்ந்த பூச்சி பகலில் மூங்கில் புதரடியிலும் வாழைத் தோட்டத்துச் சருகிலும் அசையாமல் கிடந்து, அந்தி சாயும் நேரத்தில் பறக்கும். விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வருவதும் உண்டு.

இதன் வறட்சிக்கால வடிவம் அப்படியே காய்ந்த இலை. மழைக்கால வடிவத்தில் சிறகின் அடிப்புறத்தில் கண் போன்ற புள்ளிகள் வரிசையாக இருக்கும். வறட்சிக்காலத்தில் அவை சுருங்கி, பழுப்பும் கறுப்பும் கலந்த கறைகள் மேலோங்கும். காரணம் எளிது. ஈரமான பச்சைக் காலத்தில் பூச்சி ஓடியாடித் திரிகிறது. பறவையின் கொத்தைச் சிறகோரத்துக்குத் திருப்பக் கண்புள்ளிகள் உதவுகின்றன. தரையெல்லாம் சருகான காலத்தில் அசையாமல் மறைந்திருப்பதே நல்ல பாதுகாப்பு.

இதை வைத்துப் பயிற்சி செய்வது எளிது. மாலையில் வாழைத்தோட்டத்தின் ஓரமாக மெல்ல நடங்கள். காலடியிலிருந்து ஒன்று எழும்பி, சில அடி தூரம் பறந்து, சருகுக்குள் விழும். விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், நகராமல், அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். முடிந்ததும் அடுத்ததைப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு முறை சரியாகக் கண்டுபிடிக்கும் வரை இதையே செய்யுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் கனிந்து கறுத்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, நிழலில் ஒரு தட்டில் வைத்தாலும் இவை வரும். எறும்பு ஏறாமல் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே வையுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே மலைக்குப் போகிறவர்களிடம் ஒரே குறைதான் காண்கிறேன்: பூச்சி அவர்கள் முன்னால்தான் பறக்கிறது, உட்கார்ந்த கணத்தில் தொலைந்துபோகிறது.

3. எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிறகை விரித்தால் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் அகலம். மேற்புறம் ஆழ்ந்த நீலம்; முன்சிறகின் குறுக்கே வெளிர்நீலப் பட்டை ஒன்று சாய்வாக ஓடும்; அதற்கு அப்பால் சிறகின் நுனி கருமை. பறக்கும்போது தெரிவது இதுதான்.

மூடினால் வேறு உயிர். முன்சிறகின் கூர்மையான நுனி இலையின் நுனியாகிறது. பின்சிறகின் சிறிய வால் இலைக்காம்பாகிறது. அந்த வாலிலிருந்து முன்சிறகின் நுனி வரை ஒரு கருங்கோடு ஓடுகிறது, அது நடுநரம்பு. அதிலிருந்து கிளைநரம்புகளைப் போல மங்கிய கோடுகள் பிரிகின்றன. பூஞ்சை பிடித்ததுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். முன்சிறகில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு புள்ளியும் உண்டு. பூச்சி அரித்த ஓட்டை என்றே தோன்றும்.

நிறத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒன்று மஞ்சள் பழுப்பாக இருக்கும், இன்னொன்று சாம்பல், மற்றொன்று செம்பழுப்பு. படத்தில் பார்த்த அதே பழுப்பைத் தேடுகிறவர் எதிரில் இருப்பதைத் தவறவிடுவார். மாறாமல் இருப்பது வடிவம்: கூர் நுனி, காம்பு, இரண்டையும் இணைக்கும் கோடு.

4. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

மூன்றும் சேர்ந்த இடம் வேண்டும்: ஓடை, மர நிழல், கீழ்த்தளத்தில் குறிஞ்சி வகைச் செடிகள்.

ஓடை, ஏனென்றால் ஈரம் உள்ள இடத்தில்தான் விழுந்த பழம் காயாமல் அழுகும். நிழல், ஏனென்றால் உட்காரத் தண்டும் கிளையும் வேண்டும். குறிஞ்சிச் செடி, ஏனென்றால் இந்தப் பூச்சியின் புழு, குறிஞ்சிப் பேரினமான ஸ்ட்ரோபிலாந்தஸ் முதலான அக்காந்தேசியே குடும்பத்துச் செடிகளைத் தின்று வளர்கிறது. முட்டையிட வரும் பெண் பூச்சியும், பெண்ணைத் தேடும் ஆணும் அந்த வட்டாரத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குறிஞ்சி என்றதும் பலர் மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி ஏறுகிறார்கள். 2018இல் பூத்து, மீண்டும் 2030இல் பூக்கவிருக்கும் நீலக்குறிஞ்சி உயர்ந்த மலைகளின் புல்வெளியில் வளர்வது. அந்தத் திறந்த வெளி நமக்குப் பயன்படாது. ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் எத்தனையோ இனங்கள் உண்டு. அடிவாரத்திலும் நடு உயரத்திலும் மரங்களுக்குக் கீழே இடுப்பளவோ தலையளவோ அடர்ந்து நிற்கும் வகைகளே நமக்கு வேண்டும். எதிரெதிர் இலை, கணுவில் புடைத்த தண்டு, இலையில் அழுத்தமான நரம்புகள் என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அவை பூத்திருக்க வேண்டியதில்லை; வளர்ந்த பூச்சி பூவைத் தேடி வருவதும் இல்லை.

தமிழ்நாட்டில் தொடங்க, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் கல்லாறு, பர்லியாறு சரிவுகள் நல்ல களம். ஆனைமலையின் ஈரமான சரிவுகளிலும் தேடலாம். கல்லாறு யானைகள் கடக்கும் வழித்தடம் என்பதை மறக்க வேண்டாம். விடியற்காலையிலும் அந்தியிலும் அங்கே ஓடைக்குள் இறங்காதீர்கள்.

5. நாளும் நேரமும்

விடாமல் மழை பெய்யும் நாட்களில் போகாதீர்கள். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்ததும் போங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான வெயில் இடைவெளிகளை நான் விரும்புகிறேன்.

காலை ஒன்பதரை மணிக்கு மேல். வண்ணத்துப்பூச்சி பறக்க முதலில் உடல் சூடேற வேண்டும். அதற்கு வெயிலில் சிறகை விரித்து உட்காரும். நீலத்தை உட்கார்ந்த நிலையில் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். பிற்பகலில் ஆண் பூச்சிகள் ஓடையைப் பார்த்த இலைநுனியில் இடம்பிடித்து, அந்தப் பக்கம் வரும் பிற பூச்சிகளைத் துரத்தும். துரத்திவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். அப்படி ஒன்றைக் கண்டால் நீங்கள் எங்கும் அலைய வேண்டாம்.

6. பூச்சிக்கு முன்னால் அதன் உணவைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான். புளூ ஓக்லீஃபுக்கு வேண்டியது பூந்தேன் அல்ல, அழுகிப் புளித்த பழமும் மரப்பட்டையில் கசியும் சாறும். எனவே பூச்செடிகளின் அருகே காத்திருப்பது வீண்.

முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். கள் புளித்ததுபோன்ற வாடை வந்தால் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பலா, காட்டு மா, அத்தி மரங்களின் அடியைத் தேடுங்கள். வெடித்து, ஈ மொய்த்து, பாதி கரைந்த பழமாக இருந்தால் நல்லது. அன்று விழுந்த புதுப்பழத்தில் இன்னும் புளிப்பு ஏறியிருக்காது. அதன் பக்கம் இவை அதிகம் வருவதில்லை.

அடுத்து மரத்தண்டுகள். பட்டை வெடித்த இடத்திலோ வண்டு துளைத்த இடத்திலோ ஈரமாகக் கருத்த கோடு கீழ்நோக்கி வழிந்திருக்கும். அதில் நுரை இருந்தால் புளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இத்தகைய மரம் கிடைத்தால் அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள். பழம் சில நாளில் தீர்ந்துவிடும்; சாறு வாரக்கணக்கில் கசியக்கூடும்.

உணவு சரியான பதத்தில் இருக்கிறதா என்று அறிய மற்ற விருந்தாளிகளைப் பாருங்கள். ஈவ்னிங் பிரவுன், புஷ் பிரவுன் வகைகள், பேரன் (Baron), வேகமாக வந்து இறங்கும் ராஜா, நவாப் வகைகள் எல்லாம் அழுகிய பழத்துக்கும் சாற்றுக்கும் வரும் வண்ணத்துப்பூச்சிகள். இவற்றில் இரண்டு மூன்று வகை கூடியிருக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள். ஒன்றுகூட இல்லையென்றால் வேறு மரம் தேடுங்கள்.

இப்போது பழம் எடுத்துப்போகக் கூடாது என்றதற்குக் காரணம். வீட்டில் வைத்த இரையைக் காட்டிலும் வைக்கலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். காட்டில் அந்த வாடைக்கு முதலில் வருவது குரங்கு. மனிதர் வைக்கும் உணவுக்கு அது பழகினால் பிறகு சாலையில் அடிபட்டுச் சாகும். பலாப்பழ வாடைக்கு யானையும் கரடியும் வரும். இயற்கையாக விழுந்து கிடக்கும் பலாவின் அருகே நிற்கும்போதுகூட இதை நினைவில் வையுங்கள். புதிய இலத்தியோ, மரத்தில் நகக்கீறலோ தெரிந்தால் பூச்சியை மறந்துவிட்டுத் திரும்பி நடங்கள்.

7. நிற்கும் இடமும் நிற்கும் விதமும்

உணவிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி, உங்கள் நிழல் உணவின் மேல் விழாத பக்கத்தில் நில்லுங்கள். பூச்சி உங்கள் உருவத்தைவிட அசைவையும், தன்மேல் திடீரென்று விழும் நிழலையும்தான் அஞ்சுகிறது. பறவை வருவதும் அப்படித்தானே.

வந்து நின்றதும் பார்க்கத் தொடங்காதீர்கள். முதல் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நீங்கள் வந்த சலசலப்பில் பறந்தவை திரும்ப அவ்வளவு நேரம் ஆகும்.

பிறகு பார்வையைத் தரையில் வைக்காமல் முழங்காலிலிருந்து தலைக்குச் சற்று மேல் வரையிலான உயரத்தில் மெல்ல ஓட்டுங்கள். தண்டு, சாய்ந்த கொடி, பட்டுப்போன கிளை என்று ஒன்றொன்றாக. இது பல வேளைகளில் தரையை விட்டுத் தண்டிலும் கிளையிலும் உட்காரும், சில சமயம் தலைகீழாகவும். சருகில் தேடுகிறவர்களின் தலைக்கு மேலேயே அது இருந்துவிடும்.

8. எழும்பியதும் கண்ணை எங்கே வைப்பது

எப்படியும் ஒன்று உங்களால் கலைந்து எழும்பும். பயப்பட வேண்டாம், இதைத்தான் நாம் எதிர்பார்த்தோம். இந்தப் பூச்சியை உட்கார்ந்த நிலையில் முதலில் கண்டவர்கள் குறைவு. பறக்கும்போது பார்த்து, இறங்கும்போது தொடர்ந்து கண்டுபிடித்தவர்களே அதிகம்.

அது வேகமாக, இடமும் வலமும் ஒடிந்து பறக்கும். கண் தானாக நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். தவறு அங்கேதான் நடக்கிறது. இறங்கிய கணத்தில் நீலம் அணைந்துவிடுகிறது. நீலத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மூளை, எதிரில் உள்ள பழுப்பைப் பொருட்படுத்துவதில்லை. துரத்தி வரும் பறவையும் இப்படித்தான் ஏமாறுகிறது.

ஆகவே நிறத்தை விட்டுப் பாதையைப் பின்தொடருங்கள். அது எந்த மரத்தைத் தாண்டியது, எந்தக் கொடிக்குக் கீழே தாழ்ந்தது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போங்கள். மறைந்ததும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மாறாத அடையாளம் ஒன்றை, ஒரு வெள்ளைப் பாறையையோ முறிந்த கிளையையோ, பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். கேமராவை எடுக்கக் குனியாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிச் சொல்லாதீர்கள். இரண்டு பேராகப் போனால் ஒருவர் பார்க்க, மற்றவர் நடக்கலாம். பார்ப்பவர் நின்ற இடத்திலிருந்தே வழி சொல்வார். தனி ஆளாகத் தேடுவதைவிட இது பெரிதும் எளிது.

ஓடிப்போகாதீர்கள். ஓடினால் மறுபடி எழும்பும், இம்முறை மர உச்சிக்கு.

9. இலையா, பூச்சியா? தொடாமல் அறிவது

சந்தேகப்படும் ‘இலை’ ஒன்று கிடைத்ததும் பைனாகுலரில் இவற்றைப் பாருங்கள்.

ஒட்டியிருக்கும் விதம்: இயல்பான சருகு கணுவில் முளைத்திருக்கும் அல்லது எதன் மேலாவது தளர்வாகக் கிடக்கும். கணுவே இல்லாத தண்டின் நடுவில் ஓர் இலை விளிம்பு நேராக நிமிர்ந்து நின்றால் கவனியுங்கள்.

அசைவு: காற்று வரும்போது சுற்றியுள்ள சருகுகள் காம்பில் சுழலும். வண்ணத்துப்பூச்சிகளின் இந்தக் குடும்பத்தில் முன்னிரண்டு கால் குறுகியவை என்பதால் பூச்சி நான்கு கால்களில் பிடித்து நிற்கிறது. அது சுழலாது, மொத்தமாகச் சாயும்.

கால்: ‘காம்பு’ பக்கம் இல்லாமல் இலையின் விளிம்பின் நடுப்பகுதியில் மெல்லிய கால்கள் தண்டைத் தொடும். உணர்கொம்புகளைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். தலையும் கொம்பும் சிறகுகளுக்கிடையே பதுங்கியிருக்கும்.

குச்சியால் தட்டிப் பார்ப்பது, ஊதுவது, கல் எறிவது கூடாது. அது பறந்துபோகும் என்பது மட்டும் காரணமில்லை. மறைவிடத்தை விட்டுப் பகலில் எழும்பும் ஒவ்வொரு முறையும் அதைப் பறவை பார்க்கும் ஆபத்து கூடுகிறது. வெயில் நகர்ந்து அதன்மேல் விழும் வரை காத்திருங்கள். பாதி சிறகையாவது பலமுறை விரிக்கும்.

10. இனத்தை உறுதிசெய்தல்

இரண்டு பூச்சிகளோடு குழப்பம் வரும். ஆட்டம் லீஃப் என்பதற்கும் அடிப்புறத்தில் நடுநரம்புக் கோடும் வாலும் உண்டு, ஆனால் கண்புள்ளிகளும் தெரியும். மேற்புறம் ஆரஞ்சுப் பழுப்பு, முன்சிறகின் நுனி கறுப்பு. நீலம் கிடையாது. ஈவ்னிங் பிரவுனுக்கு வால் குட்டையானது. நுனிமுதல் காம்புவரை ஓடும் அந்தத் தெளிவான ஒற்றைக்கோடு இருக்காது. மேற்புறம் பழுப்பு; முன்சிறகில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்புக் கண்புள்ளி.

மேற்புறத்தைப் பார்க்காமல் பெயர் சொல்லத் தயங்குங்கள். அடிப்புறம் மட்டும் கிடைத்தால் வடிவத்தையும் கோட்டையும் வைத்து முடிவு செய்யலாம். மங்கலான படத்தை வைத்து அடித்துச் சொல்ல வேண்டாம்.

11. படமும் பதிவும்

இருக்கும் தூரத்திலிருந்தே முதல் படம். அதன்பிறகுதான் நெருங்குவது, அதுவும் ஒவ்வொரு இரண்டு எட்டுக்கும் ஒரு நிறுத்தம். கேமராவின் உணரி சிறகின் தளத்துக்கு இணையாக, நேர் பக்கவாட்டில் இருக்கட்டும்; அப்போதுதான் நுனி, கோடு, வால் மூன்றும் ஒரே படத்தில் தெளிவாக விழும். ஃபிளாஷ் வேண்டாம். சுற்றுப்புறத்தோடு ஒரு படம் கட்டாயம் எடுங்கள். எந்தத் தண்டில் எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தது என்பது சிறகின் நெருக்கப் படத்தில் தெரியாது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் இணையத்தளத்தில் ஏற்றும்போது தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு நான்கு குறிப்புகளைச் சேருங்கள்: எதைத் தின்றது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், தலை மேலா கீழா, அருகே ஸ்ட்ரோபிலாந்தஸ் இருந்ததா. அடுத்த முறை அதே ஓடைக்கு யார் போனாலும் எங்கே நின்று எந்த உயரத்தில் பார்ப்பது என்பதற்கு அந்த நான்கும் போதும்.